மீண்டும் மேபெரி: மூப்படைந்த முகங்களும் மூப்பறியா ஊரும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கதை முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பது மனித இயல்பு. பாட்டியின் மடியில் கிடந்து கதை கேட்கும் பிள்ளை மாத்திரம் அவ்வாறு கேட்பதில்லை, வளர்ந்தவர்களும் கேட்கின்றார்கள். எமது இலக்கிய வரலாறே இதற்குச் சான்று. இராமனுக்கு முடிசூட்டி மங்களம் பாடிய பின்னரும் உத்தரகாண்டம் ஒன்று தேவைப்பட்டது. கோவலன், கண்ணகி கதை நிறைவெய்திய பின்னர் கோவலனின் மகள் கதையைச் சொல்ல மணிமேகலை எழுந்தது. ஆகவே, மூடிய கதையை மீண்டும் திறப்பது புதியதொரு வழக்கமன்று.

எனினும் காவியத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காவியத்தின் பாத்திரம் சொல்லினால் ஆனது. சொல்லுக்கு வயது போவதில்லை. மாதவி நேற்றும் மாதவிதான், இன்றும் மாதவிதான். தொலைக்காட்சிப் பாத்திரமோ ஒரு நடிகரின் உடம்பைக் குடியிருப்பாகக் கொண்டது. அந்த உடம்பு நரைக்கும், தளரும், ஒருநாள் மறையும். பாத்திரத்தை மீண்டும் அழைப்பதென்றால், மூப்படைந்த அந்த உடம்பையும் சேர்த்தே அழைக்கவேண்டும். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த ஒரு கலைவடிவத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். பழைய தொடரொன்றின் அசல் நடிகர்களை ஆண்டுகள் பல கழிந்த பின்னர் ஒன்றுகூட்டி எடுக்கப்படும் தொலைக்காட்சித் திரைப்படமே அது. இதனை 'மறுகூடல் படம்' என்று நாம் வழங்கலாம்.

இத்தகைய படங்கள் அமெரிக்காவில் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் பெருகின. அதற்குக் காரணமும் இருந்தது. அங்கே ஒரு தொடர் முடிந்ததும் அது பெட்டிக்குள் போய்விடுவதில்லை. உள்ளூர் நிலையங்கள் அதனை விலைக்கு வாங்கி, நாள்தோறும் மாலையிலே மறு ஒளிபரப்புச் செய்யும். அறுபதுகளில் தாய் தந்தையர் பார்த்த தொடரை எழுபதுகளில் பிள்ளைகள் பார்த்தனர். இதனால் பாத்திரங்கள் இளமை மாறாது திரையில் நடமாட, அவற்றை ஏற்ற நடிகர்கள் திரைக்கு வெளியே முதுமை அடைந்தனர். புதிய தொடர் ஒன்றை அறிமுகப்படுத்துவதைவிட, ஏற்கெனவே நெஞ்சில் இடம்பிடித்த முகங்களை ஓரிரவுக்கு மீட்டுத் தருவது ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு எளிதான வணிகமாகவும் அமைந்தது. இவ்வகைப் படங்களின் பிறப்பிலே வணிக நோக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கையும் மீறி அவற்றுள் எதிலேனும் கலை நிகழ்ந்துள்ளதா என்பதே எமது கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண நான் தெரிந்தெடுத்த படம் 'மேபெரிக்குத் திரும்புதல்' என்பதாகும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி என்.பி.சி. அலைவரிசையில் இது ஒளிபரப்பாயிற்று. இதன் மூலத்தொடர் 'அன்டி கிறிபித் ஷோ'. 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் வரை சி.பி.எஸ். அலைவரிசையில் 249 பகுதிகளாக வெளிவந்த நகைச்சுவைத் தொடர் அது. பார்வையாளர் கணிப்பில் முதலிடத்தில் இருந்தபோதே நிறைவுபெற்ற தொடர் என்ற பெருமையும் அதற்குண்டு.

நேயர்கள் சிலருக்கு இத்தொடர் புதியதாக இருக்கலாம். ஆதலால் அதனைச் சுருங்கச் சொல்வது அவசியமாகின்றது. அமெரிக்காவின் தென்பகுதியில் வட கரோலினா மாநிலத்தில் மேபெரி என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே அன்டி டெய்லர் என்பவர் ஷெரிப். எமது வழக்கில் கூறுவதானால் ஊருக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி. மனைவியை இழந்தவர். ஓப்பி என்ற சிறு மகன் இருக்கிறான். வீட்டைப் பார்த்துக்கொள்ள அன்டியின் மாமி முறையான பீ மாமி வந்து சேர்கிறார். அன்டியின் உதவியாளர் பார்னி ஃபைஃப். வீறாப்பு மிகுந்தவர், ஆனால் நெஞ்சில் பயம் நிறைந்தவர். துப்பாக்கியைத் தவறுதலாக வெடித்துவிடுவார் என்பதால் அவருக்கு ஒரே ஒரு தோட்டா மட்டுமே அனுமதி. அதையும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கவேண்டும். ஊரின் குடிகாரர் ஓட்டிஸ், போதை ஏறியதும் தாமாகவே சிறைக்கூடத்துக்கு வந்து, கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் திறப்பை எடுத்து, கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். ஷெரிப் அன்டி துப்பாக்கி அணிவது அரிது. குற்றங்கள் குறைந்த ஊர் அது. பேச்சு மிகுந்த ஊர். சலூனிலும் வீட்டு விறாந்தையிலும் அமர்ந்து ஒன்றுமில்லாத விடயங்களைப் பற்றி ஆறுதலாகப் பேசிக்கொண்டிருப்பதே அத்தொடரின் சிறப்பான காட்சிகள் எனலாம்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை வகுப்பறையில் கற்பிக்கும்போது நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவோம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. மேபெரியின் நகைச்சுவை இவற்றுள் எள்ளலை அதிகம் நாடவில்லை. ஓப்பியின் இளமை, பார்னியின் பேதைமை ஆகிய இரண்டிலுமே அது நின்றது. பார்னியைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் அவரை இகழ்வதற்கு மனம் வருவதில்லை. ஏனெனில் பார்னியின் மானம் பறிபோகும் தறுவாயில் அன்டி எப்போதும் குறுக்கே வந்து அதனைக் காப்பாற்றிவிடுவார். அதுவும் பார்னிக்கே தெரியாத வகையில் காப்பாற்றுவார். இந்தப் பண்புதான் அத்தொடரின் உயிர். ஒருவன் தன் நண்பனின் அறியாமையைத் தன் அறிவால் மூடி மறைக்கிறான். அதற்கு நன்றியும் எதிர்பார்ப்பதில்லை.

பார்னியாக நடித்த டொன் நொட்ஸ் இப்பாத்திரத்துக்காக ஐந்து எமி விருதுகளைப் பெற்றார். 1965ஆம் ஆண்டு அவர் தொடரை விட்டு விலகித் திரைப்படங்களுக்குச் சென்றார். அவ்விலகலுக்குப் பின்னர் தொடர் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறி மேலும் மூன்று பருவங்கள் நீடித்தது. ஐந்து எமி விருதுகளில் இரண்டு, விலகிய பின்னர் விருந்தினராக வந்து நடித்த பகுதிகளுக்காக அவருக்குக் கிடைத்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

இனி 1986ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம்.

அன்டி ஊரை விட்டு நீங்கி, கிளீவ்லண்ட் நகரில் தபால் திணைக்களப் பரிசோதகராக உத்தியோகம் பார்த்தவர். மகன் ஓப்பிக்குக் குழந்தை பிறக்கவிருக்கும் வேளையில், மனைவி ஹெலனுடன் ஊர் திரும்புகிறார். மீண்டும் ஷெரிப் பதவிக்குப் போட்டியிடும் எண்ணமும் மனதில் உண்டு. வந்து பார்த்தால், பதில் ஷெரிப்பாக இருப்பவர் பார்னி. தேர்தலில் நிற்பவரும் பார்னிதான். அன்டி தம் ஆசையை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார். பின்னர் ஊர்க் குளத்தில் பூதம் ஒன்று தென்பட்டதாக ஒரு பரபரப்பு எழுகிறது. பார்னி அதனை மெய்யென நம்பி ஊரார் சிரிப்புக்கு ஆளாகிறார். வியாபார விளம்பரத்துக்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சி அது என்பதை அன்டி வெளிப்படுத்துகிறார். தம் பொருட்டே அன்டி ஒதுங்கி நின்றார் என்பதை அறிந்த பார்னி, கூட்டத்தின் முன் எழுந்து, அன்டியின் பெயரையே வாக்குச்சீட்டில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

நேயர்களே, கதைப்பின்னல் என்ற வகையில் இது எளியது. பூதம் பற்றிய பகுதி பலவீனமானது என்றே சொல்லவேண்டும். ஆனால் கதையின் இறுதித் திருப்பத்தைக் கவனியுங்கள். பல ஆண்டுகளாகப் பார்னியின் மானத்தை அவருக்குத் தெரியாமல் காத்தவர் அன்டி. இப்போது முதன்முறையாகப் பார்னிக்கு அது தெரியவருகிறது. தெரிந்ததும் அக்கடனை அவர் தீர்க்கிறார். பழைய தொடரின் இலக்கணப்படி பார்னி ஒருபோதும் அறியக்கூடாத உண்மை அது. பதினெட்டு ஆண்டு இடைவெளி இல்லாமல் அந்த அறிதல் பொருந்தியிருக்காது. காலம் கதைக்குள் ஒரு பாத்திரமாகப் புகுந்து இங்கே வேலை செய்கிறது. மறுகூடல் படம் ஒன்றை எடுப்பதற்கு இதைவிடத் தகுந்த நியாயம் வேறில்லை.

இதனை எழுதியோர் ஹார்வி புல்லொக், எவரெட் கிறீன்பாம் ஆகிய இருவர். நெறியாண்டவர் பொப் சுவீனி. மூவருமே மூலத்தொடரில் பணியாற்றியவர்கள். மூலத்தொடரில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பகுதியைப் பலரும் அதன் சிகரமாகக் கருதுவர். ஓப்பி கவண் கல்லெறிந்து ஒரு தாய்ப் பறவையைக் கொன்றுவிடுகிறான். தந்தை அவனை அடிக்கவில்லை. யன்னலைத் திறந்து, தாயைத் தேடிக் கத்தும் குஞ்சுகளின் ஒலியைக் கேட்கச் செய்கிறார். அதுவே தண்டனை. சிறுவன் குஞ்சுகளை வளர்த்து, இறுதியில் கூட்டைத் திறந்து பறக்க விடுகிறான். அதனை எழுதியவரும் ஹார்வி புல்லொக்தான். இழப்பைச் சிறுவர்க்கும் விளங்கும்படி சொல்லத் தெரிந்த அந்தக் கை, 1986இல் வயதானவர்களின் இழப்பைச் சொல்ல வந்தது.

அந்த இழப்பு இப்படத்தில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டிய விடயம். நகைக்கு நான்கு நிலைக்களன் கூறிய தொல்காப்பியர் அழுகைக்கும் நான்கு கூறுவார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இவற்றுள் இழவு என்பது உரியோரை இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலையினின்றும் தளர்தல். மறுகூடல் படம் ஒவ்வொன்றும், அது எத்துணை நகைச்சுவை வாய்ந்ததாயினும், இழவு, அசைவு என்னும் இவ்விரண்டையும் சந்தித்தே ஆகவேண்டும். சந்திக்க மறுக்கும் படம் பொம்மலாட்டம் ஆகிவிடும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு படங்களைக் கூறலாம். 'கில்லிகன் தீவு' என்னும் தொடர் 1964 முதல் 1967 வரை ஒளிபரப்பாயிற்று. ஏழு பேர் ஆளில்லாத் தீவொன்றில் சிக்கிக்கொள்ளும் கதை. 1978இல் அவர்களை மீட்கும் மறுகூடல் படம் வந்தது. எழுவருள் நடிகை ஜிஞ்சர் பாத்திரத்தை ஏற்றிருந்த டீனா லூயிஸ் திரும்பி வரவில்லை. இன்னொரு நடிகையை அதே பெயரில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் எந்த வேறுபாட்டையும் காணாதவர்கள் போல நடித்தார்கள். மீட்கப்பட்டவர்களும் படத்தின் முடிவில் அதே தீவில் மீண்டும் கரையொதுங்கினார்கள். காலம் ஓடவில்லை என்று பாசாங்கு செய்த படம் அது.

மற்றையது 'பெரி மேசன்'. 1957 முதல் 1966 வரை வெளிவந்த நீதிமன்றத் தொடர். 1985 டிசம்பரில் சட்டத்தரணி பெரி மேசனாக றேமண்ட் பர்ரும், செயலாளர் டெல்லா ஸ்றீட்டாக பார்பரா ஹேலும் மறுகூடல் படத்தில் தோன்றினர். துப்பறிவாளர் போல் டிரேக்காக நடித்த வில்லியம் ஹொப்பர் 1970இலேயே காலமாகிவிட்டார். அவ்விடத்தில் வேறொருவரை அதே பெயரில் நிறுத்தாமல், போல் டிரேக்கின் மகன் என்று ஒரு புதிய பாத்திரத்தைப் படைத்தார்கள். அதில் நடித்த வில்லியம் கற், பார்பரா ஹேலின் சொந்த மகன். போனவர் போனவர்தான், மரபு மட்டும் தொடர்கிறது என்னும் நேர்மை அங்கே இருந்தது. அப்படம் பெற்ற வரவேற்பினால் 1993இல் பர் மறையும் வரை மேலும் பல படங்கள் தொடர்ந்தன.

மேபெரிப் படம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பீ மாமியாக நடித்த பிரான்சிஸ் பேவியர் அப்படத்தில் நடிக்கவில்லை. அவர் 1972இல் வட கரோலினாவில் சைலர் சிட்டி என்ற சிறு நகருக்குச் சென்று ஒதுங்கி வாழ்ந்தவர். படத்தை எடுத்தோர் பீ மாமிக்கு வேறு நடிகை ஒருவரைத் தேடவில்லை. அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சாட்டுச் சொல்லவுமில்லை. அன்டி பீ மாமியின் கல்லறைக்குச் செல்கிறார். அங்கே நிற்கையில் பழைய குரல் ஒன்று மாத்திரம் ஒலிக்கிறது. அக்குரலை வழங்கியவர் வேறொரு கலைஞர். வீடு இருக்கிறது, வீட்டை வீடாக வைத்திருந்தவர் இல்லை. மூலத்தொடரில் அன்டி உரத்துச் சிரித்த காட்சிகள் ஏராளம். இங்கே அவர் எதுவும் செய்யாமல் நிற்கும் அந்தச் சில விநாடிகள் அக்காட்சிகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. கல்லறைக் காட்சி ஒளிபரப்பானபோது பிரான்சிஸ் பேவியர் உயிரோடு இருந்தார். 1989 டிசம்பரிலேயே அவர் காலமானார். தாம் ஏற்ற பாத்திரத்தின் கல்லறையைத் தம் வாழ்நாளிலேயே உலகம் கண்டுவிட்ட நிலை எத்தனை நடிகருக்கு நேர்ந்திருக்கும்? பாத்திரம் காவியத்தில் சாவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். தொலைக்காட்சியில் அது நடிகருக்கு முன்னரே இறந்துபோகவும் கூடும்.

சலூன்காரர் ஃபுளொயிட் பாத்திரத்தை ஏற்ற ஹவார்ட் மக்னியர் 1969இல் காலமானவர். பாரிசவாதம் தாக்கிய பின்னரும் மூலத்தொடருக்குத் திரும்பி வந்து, பெரும்பாலும் அமர்ந்தபடியே நடித்த கலைஞர் அவர். அவரது இடமும் படத்தில் நிரப்பப்படவில்லை.

இழவு இவ்வாறாக, அசைவையும் இப்படம் தன் வழியில் காட்டுகிறது. குடிகாரர் ஓட்டிஸ் குடியை விட்டுவிட்டார். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிறார். பழைய ரசிகருக்கு இது வியப்பையும் சிறு ஏமாற்றத்தையும் ஒருசேரத் தரும். சிறைக்கதவைத் தானே திறந்து படுக்கும் மனிதனைக் கண்டு எத்தனை தடவை சிரித்தோம்! ஆனால் குடி ஒரு நோய் என்பதை இடையிலே உலகம் உணர்ந்துவிட்டது. தன் பழைய நகைச்சுவை ஒன்றைப் படம் தானாகவே கைவிடுகிறது.

பார்னியின் காதலி தெல்மா லூவின் கதை இன்னும் ஆழமானது. மூலத்தொடரிலேயே 1966ஆம் ஆண்டு ஒரு மறுகூடல் நடந்தது. பள்ளிப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காகப் பார்னி ஊர் வருகிறார். தெல்மா லூவைக் காணும் ஆவலில் துடிக்கிறார். அவளோ வேறொருவரை மணம் முடித்து, கணவரோடு வந்து நிற்கிறாள். நகைச்சுவைத் தொடரொன்று தன் கதாநாயகனுக்கு அத்தகைய ஏமாற்றத்தை வழங்கி, அதனை மாற்றாமலும் விட்டது. இருபது ஆண்டுகளின் பின்னர் மறுகூடல் படத்தில் தெல்மா லூ மணவிலக்குப் பெற்றுத் தனியளாக ஊர் திரும்புகிறாள். இருவருக்கும் திருமணம் நிகழ்கிறது. அப்போது டொன் நொட்ஸின் வயது 61. தெல்மா லூவாக நடித்த பெட்டி லின்னுக்கு 59. இளையோர் திருமணத்தில் கதை முடிவது வழக்கம். ஆனால் இழந்தது இழந்ததுதான் என்று இருபது வருடம் ஏற்றுக்கொண்ட இருவர் மணமேடையில் நிற்கும்போது, அம்மகிழ்ச்சிக்குள் கழிந்துபோன வருடங்களின் கணக்கும் நிற்கிறது. உவகையும் அழுகையும் பிரிக்கமுடியாமல் கலந்த நிலை அது.

ஓப்பியாக நடித்த றொன் ஹோவார்ட் பற்றியும் கூறவேண்டும். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது ஆறு. தொடரின் முகப்புக் காட்சியில், ஏர்ல் ஹேகன் தாமே விசிலடித்து வழங்கிய மெட்டுக்கு, தூண்டிலோடு தந்தைக்குப் பக்கத்தில் நடந்து செல்லும் சிறுவன் அவர்தான். 1986இல் அவருக்கு 32 வயது. 'ஸ்பிளாஷ்', 'கொக்கூன்' ஆகிய திரைப்படங்களை நெறியாண்டு புகழ்பெற்ற இயக்குநர். நடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டவர். அவர் இப்படத்துக்கு வந்து தந்தையாகப் போகும் மகனாக நடித்தார். மற்றவர்களின் முகத்தில் மூப்பைக் கண்டு வருந்தும் பார்வையாளர், ஓப்பியின் முகத்தில் வளர்ச்சியைக் காண்கிறார். காலம் பறிப்பது மாத்திரமல்ல, கொடுக்கவும் செய்கிறது என்பதற்கு அந்த ஒரு முகமே சாட்சியாக அமைகின்றது.

இதுவரை படத்தின் நிறைகளைப் பேசினேன். குறைகளையும் பேசாவிடின் திறனாய்வு நிறைவுறாது.

முதலாவது, மறுகூடல் படங்களுக்கே உரிய நோய் இதற்கும் உண்டு. கோமர், கூபர், ஹவார்ட் ஸ்பிறேக், மலைவாசிகளான டார்லிங் குடும்பத்தினர் என்று எல்லோரையும் ஒருமுறை காட்டவேண்டிய கட்டாயம். அதனால் சில இடங்களில் கதை நின்று, வரவுப் பதிவேடு வாசிக்கப்படுவது போன்ற உணர்வு ஏற்படுகின்றது. ஒருவர் நுழைகிறார்; பழைய பகிடியைச் சொல்கிறார்; விலகுகிறார். பார்ப்போரின் மகிழ்ச்சி அறிமுக மகிழ்ச்சியே தவிர, கலைமகிழ்ச்சி அன்று.

இரண்டாவது குறை பாரதூரமானது. அது படத்துக்கு மட்டுமன்றி அந்த ஊருக்கே உரியது. மேபெரி எங்கே இருந்தது என்று கேட்டால், கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியிலிருந்த 'நாற்பது ஏக்கர்' என்னும் திறந்தவெளிப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தது என்பதே விடை. அத்தளம் 1976இல் இடித்து அழிக்கப்பட்டது. ஆகவே திரும்பிச் செல்வதற்கு மேபெரி என்றோர் இடம் எஞ்சியிருக்கவில்லை. கலிபோர்னியாவின் லொஸ் ஒலிவோஸ் என்ற உண்மையான சிற்றூரை மேபெரியாக ஒப்பனை செய்து படம் எடுத்தார்கள். பொய்யான ஊருக்கு மெய்யான ஊர் வேடமிட்டது.

இதைவிட ஆழமான பொருளிலும் அவ்வூர் இருந்ததில்லை. தொடருக்கு முன்னோட்டமான பகுதி வேறொரு தொடரின் அங்கமாக 1960 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு இரு வாரங்களுக்கு முன், பெப்ரவரி முதலாந் திகதி, அதே வட கரோலினாவில் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவுக் கடையொன்றில் அமர்ந்து, எழ மறுத்துச் சாத்வீகப் போராட்டம் நடத்தினர். அன்டி கிறிபித் பிறந்த மவுன்ட் எயாரியிலிருந்து கிறீன்ஸ்பரோ நூறு கிலோமீற்றர் அளவிலான தூரம்தான். அப்போராட்டம் தென்மாநிலங்கள் எங்கும் பரவியது. மேபெரிக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. எட்டாண்டுகளில் 249 பகுதிகளில், பெயரும் குறிப்பிடத்தக்க வசனமும் பெற்ற கறுப்பினப் பாத்திரம் ஒன்றே ஒன்று. அதுவும் 1967இல். அமெரிக்காவின் தென்பகுதியில் அத்தகைய ஊர் ஒன்று இருந்திருக்க முடியுமா? மேபெரியின் அமைதி, சிலரை ஊருக்குள் அழைக்காததால் கிடைத்த அமைதியுமாகும். 1986ஆம் ஆண்டுப் படம் குடியைப் பற்றிய தன் பழைய பார்வையைத் திருத்திக்கொண்டது. இதனைத் திருத்தும் வாய்ப்பும் அதற்கு இருந்தது. அது அவ்வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை.

ஊர் திரும்புதல் என்ற சொல் எம்மவர் செவியில் வெறும் சொல்லாக விழுவதில்லை. இடம்பெயர்ந்து போனவர்கள் நினைவில் காவித் திரிந்த ஊரிலும் கிணறு இருக்கும், கோயில் வீதி இருக்கும், புளியமரம் இருக்கும். அந்தக் கிணற்றில் அள்ளக்கூடாதவர்களும் கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் அந்நினைவில் இருப்பது அரிது. அன்டி கிறிபித் தொடர் முடிந்த அதே 1968ஆம் ஆண்டிலேதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. ஆகவே மேபெரியைப் பார்த்து விரல் நீட்டும்போது, அவ்விரல் எம்பக்கமும் திரும்பக்கூடும். நினைவு ஊரைச் சுத்தம் செய்கிறது. சுத்தம் செய்யும்போது குப்பையோடு மனிதர்களையும் கூட்டித் தள்ளிவிடுகிறது. இலக்கியத்தின் கடமை தள்ளப்பட்டவர்களை மீண்டும் உள்ளே அழைப்பது.

அப்படியாயின் மேபெரிப் படத்தை நாம் நிராகரிப்பதா? நான் அவ்வாறு கருதவில்லை. ஊரைப் பற்றி அது சொன்னது அரைகுறை உண்மை. மனிதரைப் பற்றி அது சொன்னதோ முழு உண்மை. இரண்டு நண்பர்களுள் ஒருவன் மற்றவனுக்காகத் தன் ஆசையை விழுங்கலாம். மற்றவன் அதனை அறிந்து எழுந்து நிற்கலாம். இறந்தவரின் இடத்தை நிரப்பாமல் வெறுமையாக விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. பிந்திக் கிடைத்த மகிழ்ச்சியும் மகிழ்ச்சியே. இவற்றைச் சொல்வதற்கு மூப்படைந்த அந்த முகங்களே தேவைப்பட்டன. அதே கதையை இளைய நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் அதில் ஒன்றுமே இருந்திராது. இங்கே நடிகரின் சுருக்கமே வசனமாகிறது.

படம் ஒளிபரப்பான ஆண்டில் அமெரிக்காவில் மிகப் பெருந்தொகையினர் பார்த்த தொலைக்காட்சிப் படங்களுள் அது ஒன்றாயிற்று. அதன் பின்னரும் காலம் நிற்கவில்லை. டொன் நொட்ஸ் 2006இலும், அன்டி கிறிபித் 2012இலும் காலமாயினர். பெட்டி லின் தமது முதுமையில் லொஸ் ஏஞ்சல்ஸை விட்டு மவுன்ட் எயாரிக்கே குடிபெயர்ந்தார். அங்குள்ள அன்டி கிறிபித் நூதனசாலையில் ரசிகர்களைச் சந்தித்துக் கையொப்பமிட்டுக் கொடுப்பதை வழக்கமாகக் கொண்டிருந்த அவர், 2021 ஒக்டோபரில் மறைந்தார். தெல்மா லூவைத் தேடி வந்தவர்கள் பெட்டி லின்னைக் கண்டார்கள். நடிகரும் பாத்திரமும் ஒருவருக்குள் ஒருவர் இவ்வாறு குடிபுகுவதை எந்த அணியிலக்கண நூலும் வகுத்துச் சொல்லவில்லை.

படத்தின் இறுதிக் காட்சியைக் கூறி எனது உரையை நிறைவு செய்கின்றேன். பொழுது சாயும் நேரம். நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் அன்டியும் பார்னியும் சீருடையில் நிற்கிறார்கள். நாள் முடிவதால் கொடியை இறக்கி மடிக்கவேண்டும். பழைய தொடரில் எத்தனையோ மாலைகளில் செய்த வேலைதான். இரு முதியவர்கள் அதனை நிதானமாகச் செய்கிறார்கள். அன்றாடக் கடமையைச் சேர்ந்து செய்வதற்குப் பக்கத்தில் பழைய நண்பன் ஒருவன் இருப்பது எத்தகைய பேறு என்பதை, வாழ்க்கையின் மாலையை எட்டியவர்களே அறிவர்.

வாய்ப்புக் கிடைத்தால் நேயர்கள் இப்படத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு முன் மூலத்தொடரின் சில பகுதிகளையேனும் பார்த்துவிடுங்கள். இளமையைக் காணாதவர்க்கு முதுமை விளங்காது.